கடைசி பெஞ்சு எல்லாருக்கும் ஜாலியாக இருக்கவில்லை

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும்,

வெள்ளி விழாச் சந்திப்புப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்குப் போட்ட பொன்னாடைக்கு நன்றி. ஆனால் படங்களுக்குக் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "பள்ளிக்கூட நாள் மாதிரி வருமா! அதுவும் நம்ம கடைசி பெஞ்சு!" 2025 ஜூலையில், வகுப்பறையில் 'ப' வடிவில் இருக்கை போடும்படி பள்ளிக் கல்வித் துறை சொன்னபோதும் உங்களில் சிலர் இதைச் சொல்லித்தான் கேலி செய்தீர்கள்.

டீச்சர் திரும்பவும் ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கடைசி பெஞ்சில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். தாங்களாக விரும்பிப் போய் உட்கார்ந்தவர்கள் ஒரு வகை. நாங்கள் உட்கார வைத்தவர்கள் இன்னொரு வகை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது முதல் வகைதான். இரண்டாம் வகையின் நம்பர்கூட உங்களிடம் இல்லை. அப்புறம் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் இனித்தது போலத்தானே தெரியும்?

சந்திப்புக்கு முந்தின வாரம் உங்கள் செட் பையன் ஒருவனைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். "நீ வரலையாப்பா?" என்று கேட்டேன். "அங்க வந்து நான் என்ன டீச்சர் பேசறது? எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணுதான். பேப்பர் குடுக்கும்போது மார்க்கைச் சத்தமா வாசிப்பீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிக மார்க்கில் தொடங்கிக் கீழே இறங்கி வாசித்தவள் நான்தான். கடைசி நாலைந்து பேர் வரும்போது வகுப்பு சிரிக்கும். நான் தடுத்ததில்லை. ரோஷம் வந்து படிப்பான் என்று நம்பினேன். அவனுக்கு ரோஷம் வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது. பேப்பர் தரும் நாளில் எல்லாம் லீவு போட்டான். அதையும் சோம்பேறித்தனம் என்றுதான் எழுதி வைத்தேன்.

ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே பிரேயர். ஆனாலும் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் இருந்தது. மார்க் வாங்கியவளுக்கு ஸ்டாஃப் ரூம் வரை உரிமை உண்டு. ஆண்டு விழாவில் பேசுவதும் அவள், வரவேற்பில் சந்தனக் கிண்ணம் பிடிப்பதும் அவள். மற்றவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை. ஓட்டப்பந்தயம் ஒன்றுக்காகவே பள்ளிக்கு வந்த பையன்கள் இருந்தார்கள். அவர்களுடைய பி.டி. பீரியடைக் கணக்குக்காகக் கடன் வாங்கினேன். ஒரு நாளும் திருப்பித் தந்ததில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மாதத்தில் மூன்று நாள் வராத பெண் பிள்ளைகளை "அடிக்கடி ஆப்சென்ட்" என்று திட்டினோம். நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வாய் திறக்கவும் இல்லை.

பதிமூன்று முதல் பதினேழு வயது வரை ஒரு பிள்ளை தன்னைப் பற்றிக் கேட்பதையெல்லாம் அப்படியே நம்பும். 'நீ தேறமாட்டாய்' என்று அந்த வயதில் கேட்டது லேசில் போகாது.

"அடிச்சதாலதான் டீச்சர் நாங்க உருப்பட்டோம்" என்பீர்கள். உருப்பட்டவர்கள் நீங்கள், சொல்கிறீர்கள். உருப்படாமல் போனவனை யார் கேட்டார்கள்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மார்க்கைச் சத்தமாக வாசித்ததை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதி பார்த்தோ மார்க் பார்த்தோ யாரும் இடம் ஒதுக்கக் கூடாது. என் சர்வீஸ் முழுவதும் இதைச் செய்ய எனக்குப் பத்து பைசா செலவாகியிருக்காது. செய்யவில்லை.

2017இல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. ஆனால் பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் இன்னும் அதே நாலு முகம்தான். வருஷம் முழுக்க அந்த நாலு பேருக்காக நடத்திவிட்டு, மிச்சப் பேரைப் பார்த்து 'ஆர்வம் இல்லை' என்கிறோம். ஆர்வத்தைப் பங்கு போட்டுக் கொடுத்ததே நாம்தான்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு: பேப்பரை மடித்துக் கையில் கொடுங்கள். பி.டி. பீரியடைத் தொடாதீர்கள். வாரத்தில் ஒரு தடவையாவது ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திட்டுவதற்காக அல்ல. அம்மா அப்பாவாக இருப்பவர்களுக்கு: சாயங்காலம் முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். "இன்னைக்கு யார்கூடச் சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் மறுநாளே பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்.

அடுத்த சந்திப்புக்கு எனக்குப் பொன்னாடை வேண்டாம். பழைய அட்டெண்டன்ஸ் வரிசை எனக்கு இன்னும் மனப்பாடம். விட்டுப்போன பெயர்களைச் சொல்கிறேன், தேடிப் பிடியுங்கள். பஞ்சர் கடைக்கு நானே போகிறேன். அவனிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வருவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் அவன் முடிவு செய்யட்டும்.

உங்கள் கணக்கு டீச்சர்