கேப்பை ஒட்டியது எந்த சிமென்ட்?

பல்லுக்கு கேப் போடப் போனால் உலோகமா, பீங்கானா, விலை என்ன என்று பத்து கேள்வி கேட்கிறோம். எதை வைத்து ஒட்டினீர்கள் என்று ஒருத்தியாவது கேட்டிருக்கிறோமா? கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ரூட் கெனால் செய்து கேப் மாட்டி வந்தார். மூன்றாம் வாரமே அது கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. "இதுக்குப் போய் மறுபடியும் யாரு டாக்டருக்கு அழறது?" என்று பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் பசை வாங்கி, தானே ஒட்டிக் கொண்டார். நொடியில் கோணலாகப் பிடித்துக் கொண்டது. கடித்தால் அந்தப் பல் மட்டும் இடிக்கிறது. ஈறு வேறு புண். கடைசியில் கேப்பை அறுத்தெடுத்து, புதிதாகப் போட நாலாயிரம்! விசாரித்தால், முதலில் ஒட்டியதே தற்காலிக சிமென்டாம். கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து விட்டு, பிறகு நிரந்தரமாக ஒட்டுவதாக இருந்தார்களாம். இதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

தற்காலிக சிமென்டில் ஒரு வகை, துத்தநாக ஆக்சைடு பொடியும் கிராம்புத் தைலச் சத்தான யூஜினாலும் கலந்தது. வாயில் கிராம்பு வாசனை அடித்தால் அதுவா என்று கேளுங்கள். சில வாரம்தான் தாங்கும். சுலபமாகக் கழற்றத்தானே அதைப் போடுகிறார்கள்!

நிரந்தரமாக ஒட்ட, நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்து வருவது ஜிங்க் பாஸ்பேட். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி இறுகி விடும். (கட்டி தட்டாமல் உப்புமா கிளறும் நமக்கு இந்தப் பொறுமை புரியும்!) கிளாஸ் அயனாமர், 1969-ல் லண்டன் அரசு ஆய்வுக்கூடத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கியது. பல்லோடு தானாகவே பிணையும். கொஞ்சம் ஃப்ளோரைடும் கசியும். ஒட்டும் சிமென்ட் படலம் 25 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தர அளவு. தலைமுடியை விட மெலிசு. வீட்டுக் கண்ணாடி முன் நின்று செய்கிற வேலையா இது?

கேப் கழன்றால் விழுங்கி விடாமல் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். பணம் இல்லையென்றால் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-லிருந்து. மாதவரத்திலிருந்து பஸ் ஏறினால் போய் விடலாம். காத்திருக்க வேண்டும்தான், பசைக்கு அது எவ்வளவோ தேவலை.

மிக்ஸிக்கே கேரண்டி கார்டு எழுதித் தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் வாங்கும் பல் டாக்டர்கள், ஒட்டிய சிமென்ட் பெயர், தற்காலிகமா நிரந்தரமா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று பில்லின் பின்னால் இரண்டு வரி எழுதித் தந்தால் என்னவாம்?

- ஒரு வாசகி, மாதவரம்.