கஞ்சி வரிசை வீட்டுக்குள்ளும் வரட்டும்

ஒவ்வொரு மே மாதமும் வன்னியில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். அதை வாங்க வரிசையில் நின்றபோதே செல்லடியில் செத்தவர்களும் உண்டு. 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நாலு பேரைப் பொலிஸ் கைதுசெய்தது. ஒரு பானைக் கஞ்சிக்கு ஏன் இவ்வளவு பயம்? சேர்ந்து சாப்பிடுகிற சனம் சேர்ந்து நினைக்கும், சேர்ந்து கேள்வியும் கேட்கும். அதிகாரத்துக்கு அது விளங்கியிருக்கிறது.

எங்களுக்கு விளங்கியிருக்கிறதா?

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை 142 நாடுகளின் தரவை வைத்துப் பேசுகிறது. மற்றவர்களோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள். ஒருவர் எவ்வளவு நலமாக இருக்கிறார் என்று அறிய, வருமானத்தைப் போலவே இதுவும் முக்கியமான அடையாளமாம். கிழமைக்கு 14 மதிய, இராச் சாப்பாடுகளில் தெற்காசியர்கள் சேர்ந்து சாப்பிடுவது சராசரியாக நாலுகூட இல்லை. உலகத்திலேயே குறைவு இங்கேதான். "பகிர்ந்துண்பது எங்கட பண்பாடு" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை ஒருக்கா வாசிக்கட்டும்.

வாசித்த கையோடு எங்கட குசினிகளையும் எட்டிப் பாருங்கோ. ஆம்பிளையள் முதலில், பிள்ளைகள் அடுத்து. கடைசியில் அம்மா, சட்டியில் மிஞ்சியதோடு, தனிய. "நீங்க சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்." அந்தப் 'பிறகு' எப்ப வரும்? விடிய முதல் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிற அக்கா, எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு போகிறா. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற அப்பம்மா, ரீவியைப் பார்த்துக்கொண்டு தனியச் சாப்பிடுகிறா. இதைத் தியாகம் என்று புகழ்வதை நிறுத்துவோம். இது அநியாயம்.

நேரமில்லை, வேலை, வறுமை என்பீர்கள். உண்மைதான். ஆனால் சமைத்தவள் கடைசியாகச் சாப்பிடவேண்டும் என்பதை வறுமை தீர்மானிக்கவில்லை, நாங்கள்தான் தீர்மானித்தோம். கஞ்சி வரிசையில் ஆணா பெண்ணா, என்ன சாதி என்று பார்த்து ஊற்றுவதில்லையே. மே மாதத்தில் முடிகிறது மற்ற மாதங்களில் ஏன் முடியாது?

ஒரு கறி குறைந்தால் குறையட்டும். தம்பிமார் கோப்பை கழுவட்டும். சமைத்தவளும் எல்லாரோடும் இருந்து சூட்டோடு சாப்பிடட்டும். பக்கத்து வளவில் தனிய இருக்கிற அப்பம்மாவையும் கூப்பிடுங்கோ. இதையெல்லாம் செய்யாமல் வருடத்துக்கு ஒருநாள் கஞ்சி குடித்தோம் என்று சொல்லித் திரிவதில் அர்த்தமில்லை.