நாய் சொறிந்துகொண்டே இருக்கிறதா? ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் இந்த ஒரு டெஸ்ட்!

"ராத்திரி முழுக்க சொறியுது, அது தூங்குறதில்ல, நாங்களும் தூங்குறதில்ல." நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அடுத்து நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அலர்ஜி என்று சொல்லி ஒரு ஊசி. மறுநாளே அரிப்பு நிற்கும். சில வாரத்தில் திரும்ப வரும். மறுபடி ஊசி. ஒரு கட்டத்தில் டாக்டரிடம் போவதையும் விட்டுவிட்டு, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பிலேயே அந்த மாத்திரையை வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த ஊசியும் மாத்திரையும் பெரும்பாலும் ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன் போன்றவை. இவை அரிப்புக்கான காரணத்தை நீக்குவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குகின்றன. அலர்ஜி என்பதே தூசி, மகரந்தம் போன்ற சாதாரண விஷயத்துக்கு எதிர்ப்பு சக்தி தேவையில்லாமல் பொங்குவதுதான். அதனால் அடக்கினால் நிம்மதி கிடைப்பது உண்மை. ஆனால், அரிப்பு எல்லாம் அலர்ஜி இல்லையே?

இங்கேதான் 'டெமோடெக்ஸ்' வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி, ஆரோக்கியமான நாயின் மயிர்க்கால்களிலும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்பு சக்தி அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்தக் காவலையே மருந்து கொடுத்துத் தூங்க வைத்தால்? பூச்சி பெருகும், முடி கொட்டும், தோல் தடித்துப் புண்ணாகும். 'இவ்வளவு ஊசி போட்டும் சரியாகலையே' என்று இன்னொரு ஊசி போட்டால், கதை முடிந்தது. சொறிப் பூச்சியான 'சார்காப்டிஸ்' வேறு ரகம். ஸ்டீராய்டில் அரிப்பு கொஞ்சம் தணியும், பூச்சி அப்படியே இருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும். நாயோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும் கையில், வயிற்றில் அரிக்கிறது என்றால் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எதுவும் வேண்டாம். தோலை பிளேடால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. சார்காப்டிஸ் சில நேரம் இதில் சிக்காமல் தப்பும். அப்போது டாக்டர் சந்தேகத்தின் பேரிலேயே பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பார். எப்படியானாலும் வரிசை இதுதான்: முதலில் பூச்சி, உண்ணி, தெள்ளு, பூஞ்சை. அடுத்து உணவு. குறைந்தது 8 வாரம் ஒரே வகை உணவு கொடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். 'சிக்கன் சூடு' என்று ரெண்டு நாள் தயிர்சாதம் போடுவது டெஸ்ட் ஆகாது! இவை எல்லாம் இல்லை என்ற பிறகுதான் அலர்ஜி, அதற்கான மருந்து.

அந்த மருந்துகளிலும் இப்போது தேர்வு இருக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சையில் மனிதர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் நாய்களுக்கும் உண்டு. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற ஒக்ளாசிட்டினிப் மாத்திரை ஒரே நாளில் அரிப்பைக் குறைக்கும். ஆனால் ஒரு வயது ஆகாத நாய்க்கும், கடுமையான தொற்று உள்ள நாய்க்கும் அதைக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டை வில்லன் ஆக்கவும் தேவையில்லை. சரியான நோய்க்கு, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு என்றால் நல்ல மருந்து, விலையும் குறைவு. மாதக்கணக்கில் போனால்தான் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், பானை வயிறு, மெலிந்த தோல் என்று வரிசை கட்டும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. வெளி மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ இருக்கும் ஒருவர், சொறிகிற நாயைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவாரா? ஊர் கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடுகளுக்குத்தான் முதல் இடம். பால், வருமானம் என்று பார்த்தால் அது நியாயமும்கூட. ஆனால் ஒரு மைக்ராஸ்கோப்பும், ஊசிக்கு முன் சுரண்டிப் பார்ப்பது கட்டாயம் என்ற விதியும் இருந்தால், இந்தச் சுற்றில் பாதி அங்கேயே அறுந்துவிடும். கால்நடை பராமரிப்புத் துறை செய்யக்கூடிய காரியம்தான். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விற்பது சட்டப்படி தவறு. அதைக் கண்காணிக்க வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

லாரி பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிப் பூசும் பழக்கமும் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கும். அது வயிற்றுக்குள் போனால் விஷம்.

ஏற்கெனவே வாரக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்த வேகத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் அதற்குள் குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற நம்முடைய வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், குடல் புண்ணாகி ரத்தம் கசியும். ரேபிஸ் தடுப்பூசி நாள் நெருங்கினால், என்ன மருந்து ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத் தேதி வாங்குங்கள்.