லிம்போ வெறும் கருத்துதானாம்

திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்கள் சொர்க்கம் சேராமல் 'லிம்போ'வில் தங்கிவிடுவார்கள் என்று கத்தோலிக்கர்களுக்குப் பல நூற்றாண்டுகள் சொல்லப்பட்டது. அவர்களும் மீட்புப் பெறுவார்கள் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் சொன்னது. நல்லது. ஆனால், லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை, வெறும் இறையியல் கருத்துதான்னு கூடவே சொல்றாங்க பாருங்க, அதுதான் செரிக்கவில்லை.

அயர்லாந்தில் போய் இதைச் சொல்லட்டும். அங்கே 'கில்லீன்' என்று சில இடங்கள் உண்டு. புனிதப்படுத்தப்பட்ட கல்லறையில் இடம் கிடைக்காத சிசுக்களை வயலோரத்திலும் இடிந்த கோயிலருகிலும் கடற்கரையிலும் புதைத்தார்கள், பல நேரம் இரவில். தூக்கிப் போனது பெரும்பாலும் அப்பா. மேலே பெயரில்லாத ஒரு கல். இருபதாம் நூற்றாண்டிலும் இது நடந்தது.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. திருமுழுக்குக்குத் தயாராகி வந்து, இடையில் இறந்துபோன பெரியவர்களுக்கு மட்டும் விலக்கு. ஏன்னா அவங்களுக்கு ஆசை இருந்ததாம். பிறந்து ஒரு மணி நேரமான பிள்ளை எந்த வாயால் ஆசைப்படும்?

1983இல் வந்த புதிய சட்டம், பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் ஆயர் அடக்கத்துக்கு அனுமதிக்கலாம் என்கிறது. ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிப் போன அந்த அப்பாக்கள் அப்படி நினைக்கவே இல்லையாமா?