கார்டு தேய்த்தால் 2 சதவிகிதம் எக்ஸ்ட்ரா... கொடுக்கத்தான் வேண்டுமா?

“அண்ணே, கேஷ்னா இந்த ரேட்டு. கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்து வரும்.”

தஞ்சாவூரோ, கும்பகோணமோ, மன்னார்குடியோ... நகைக்கடையிலும் வீட்டு உபயோகப் பொருள் கடையிலும் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் அக்கவுன்ட்டில் ஏறியதும் குடும்பத்தோடு கடைத்தெருவுக்குக் கிளம்புவோம் இல்லையா... அந்த சீசனில்தான் இது அதிகம் காதில் விழும். இந்த வாரம் அந்த ரெண்டு பர்சன்ட்டைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்கு. கல்யாணத்துக்கு 2 லட்ச ரூபாய்க்கு நகை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவிகிதம் என்றால் 4,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கிய சீசனுக்குத் தமிழக அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த விலை, ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவின்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாய். ஆக, கார்டைத் தேய்த்த ஒரே காரணத்துக்காக நாலு மூட்டை நெல்லைக் கடையில் இறக்கி வைத்துவிட்டு வருகிறீர்கள். நடவு, களை, உரம், அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போக ஒரு மூட்டையில் என்ன மிஞ்சும் என்று வீட்டில் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நாலு மூட்டையின் கனம் புரியும்.

‘கேஷாகவே கொடுத்துவிடலாமே?’ என்றால், அதற்கும் வழியில்லை. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. யு.பி.ஐ-யில் வழக்கமான உச்சவரம்பு 1 லட்சம். நகைக்கு அதைக் கூட்டியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் வங்கி எவ்வளவு அனுமதிக்கிறது என்பது தனிக்கதை. எனவே பெரிய பில் என்றால் கை தானாக டெபிட் கார்டுக்குத்தான் போகும்.

சரி, அந்த 2 சதவிகிதம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது, கடைக்காரரிடமிருந்து ஒரு சிறு தொகையை வங்கி பிடித்துக்கொள்ளும். இதன் பெயர் மெர்ச்சன்ட் டிஸ்கவுன்ட் ரேட், சுருக்கமாக எம்.டி.ஆர். உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி, நடுவில் இருக்கும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நெட்வொர்க் என்று அந்தப் பணம் பிரியும். பெயரிலேயே மெர்ச்சன்ட் இருக்கிறது, கவனித்தீர்களா? வியாபாரி கொடுக்க வேண்டியது.

டெபிட் கார்டில் இதை எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்க முடியாது. 2012-லேயே ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. 2,000 ரூபாய் வரை 0.75 சதவிகிதம், அதற்கு மேல் 1 சதவிகிதம். இப்போதைய விதி 2018 ஜனவரி 1-ல் வந்தது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள சின்னக் கடை என்றால் 0.40 சதவிகிதம், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 200 ரூபாய். பெரிய கடை என்றால் 0.90 சதவிகிதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். இந்தக் கட்டணத்தை டெபிட் கார்டு வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

இப்போது நம் நகைக்கு வாருங்கள். 2 லட்ச ரூபாய் பில்லுக்குக் கடை தர வேண்டிய எம்.டி.ஆர் அதிகபட்சம் 1,000 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி-யைச் சேர்த்தாலும் 1,180. உங்களிடம் கேட்டதோ 4,000!

இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. உங்கள் டெபிட் கார்டை எடுத்து, அதில் ‘ரூபே’ என்று இருக்கிறதா பாருங்கள். ஜன் தன் கணக்கு வைத்திருக்கும் அம்மா, அத்தை, தாத்தா கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ-க்கும் எம்.டி.ஆர் பூஜ்யம். மத்திய அரசு இதற்காகச் சட்டத்தையே திருத்தியது. அதாவது, கடைக்கு ஒரு பைசா எம்.டி.ஆர் இல்லாத கார்டுக்குத்தான் உங்களிடம் ரெண்டு பர்சன்ட் கேட்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். விவரம் தெரிந்தவர் பேரம் பேசித் தப்பித்துக்கொள்வார், தெரியாதவர் கொடுத்துவிட்டு வருவார்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மெஷினுக்கு மாத வாடகை உண்டு. கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி எம்.டி.ஆர் உச்சவரம்பே வைக்கவில்லை. அங்கே 2 சதவிகிதம் என்பது நிஜமாகவே அவர் பையிலிருந்து போகும் தொகையாக இருக்கலாம். குறைந்த லாபத்தில் ஓடும் அரிசி, உரக்கடைகளுக்கு அது வலிக்கும். இன்னொன்று தெரியுமா? கியூ.ஆர் ஸ்கேன் செய்தாலும், பின்னால் ரூபே கிரெடிட் கார்டை இணைத்திருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் கடைக்குக் கட்டணம் விழும். “ஜிபே ஓகே தம்பி, கிரெடிட் கார்டு மட்டும் வேணாம்” என்று சில கடைகளில் சொல்வது இதனால்தான். பிரச்னை என்னவென்றால், கிரெடிட்டுக்கான கணக்கை டெபிட்டுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த இழுபறி புதிதும் இல்லை. பணமதிப்பிழப்பு முடிந்த சூட்டில், 2017 ஜனவரியில், வங்கிகள் 1 சதவிகிதம் வரை கட்டணம் கேட்டதால் ‘இனி கார்டு வாங்க மாட்டோம்’ என்று பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். ஏ.டி.எம் வாசலில் நின்று களைத்துப்போயிருந்த நேரத்தில் இது வேறா என்று ஊரே அலறியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு முடிவைத் தள்ளிவைத்தார்கள். வெளிநாட்டிலும் இதே பஞ்சாயத்துதான். பிரிட்டன் 2018 ஜனவரியில், சாதாரண வாடிக்கையாளர்களிடம் கார்டுக்காகக் கூடுதல் தொகை வாங்கவே தடை போட்டுவிட்டது.

சரி, கடையில் நிற்கும்போது என்ன செய்வது? சண்டை வேண்டாம். “இது டெபிட் கார்டுண்ணே, ரூபே. இதுக்கு சார்ஜ் கிடையாதே” என்று சொல்லிப் பாருங்கள். பாதி இடங்களில் அதிலேயே முடிந்துவிடும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால், “அந்த ரெண்டு பர்சன்ட்டை பில்லில் தனியா போட்டுக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுத்தில் கொடுக்கப் பலரும் தயங்குவார்கள். பில்லில் ஒரு தொகையும் மெஷினிலிருந்து வரும் சீட்டில் கூடுதலாக வேறு தொகையும் இருந்தால், இரண்டையும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எந்த வங்கியுடையது என்பது பெரும்பாலும் அந்தச் சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். புகார் முதலில் அந்த வங்கிக்குத்தான் போக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. உதவி எண் 14448. கடையைப் பற்றிய புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மெஷின் சீட்டில் மை சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் போட்டோவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.