எவர்சில்வர் டம்ளரும் கல்பாக்கம் உலையும்

கல்பாக்கம் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது யுரேனியம், புளுட்டோனியம், கதிர்வீச்சு. கொஞ்சம் படித்தவர்கள் சோடியத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகமாயிற்றே! ஆனால் இத்தனையையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும் எஃகைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சமையலறை எவர்சில்வர் டம்ளரில் இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் போடுகிறது. துருவைத் தடுப்பது அதுதான். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் சோடியத்தைத் தாங்கும் பெரிய கலனும் இதே குடும்பம்தான். பெயர் 316எல்என். மாலிப்டினம் உண்டு, கார்பன் குறைவு, நைட்ரஜன் கூடுதல்.

கார்பனை ஏன் குறைக்க வேண்டும்? வெல்டிங் சூட்டில் கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு, படிகங்கள் சேரும் ஓரங்களில் கார்பைடாக உட்கார்ந்துவிடும். அந்த ஓரங்களில் பாதுகாப்பு போய்விடும். கடற்கரை உப்புக்காற்றுக்கு அது போதும், விரிசல் தொடங்கிவிடும். ஆனால் கார்பன் குறைந்தால் வலிமையும் குறையும். அதை ஈடுகட்டத்தான் நைட்ரஜன்.

இதோடு முடியவில்லை. உலையின் மையத்தைக் கடந்து வரும் சோடியத்தின் சூடு சுமார் 547 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் எஃகு உருகாது. ஆனால் சுமையைத் தாங்கியபடியே மெல்ல மெல்ல நீளும். இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். எரிபொருளைச் சுற்றியுள்ள குழாயிலோ வேக நியூட்ரான்கள் மோதி மோதி நுண்ணிய வெற்றிடங்களை உண்டாக்கும், உலோகம் உப்பும். அதைக் குறைக்கத்தான் டைட்டானியம் சேர்த்த டி9 கலவை.

2004-இல் கட்ட ஆரம்பித்த உலை 2010 வாக்கில் ஓடும் என்றார்கள். உலையின் மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். தேதி சொன்னவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "சீக்கிரம் ஓட்டு" என்று விரட்டுவது ஆபத்தான பேச்சு. க்ரீப் சோதனையில் ஒரு துண்டைச் சூட்டில் சுமையோடு 10,000 மணி நேரம் வைத்தாலே ஒரு வருடம் தாண்டிவிடும். உலையின் ஆயுளாகத் திட்டமிட்டதோ 40 வருடம், அதாவது சுமார் 3,50,000 மணி நேரம். அத்தனை காலமும் சோதித்துவிட்டு உலை கட்ட யாராலும் முடியாது. குறைந்த காலச் சோதனையை வைத்து நீண்ட காலத்தைக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரியா என்பதை, உலை ஓடும்போதே வெல்டுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்துத்தான் உறுதி செய்ய முடியும்.

1985-இல் இயங்க ஆரம்பித்த சிறிய சோதனை உலையில் 2002-இல் சுமார் 75 கிலோ சோடியம் கசிந்தது. சோடியத்துக்குப் பயப்படுவது சரிதான். ஆனால் சோடியம் வெளியே வருவது உலோகம் விட்டுக்கொடுக்கும்போதுதான்.

அதனால் சதுரங்கப்பட்டினத்து மக்களும் புதுப்பட்டினத்து மக்களும் கேட்க வேண்டிய கேள்வி "உலை எப்போது ஓடும்?" என்பது மட்டும் இல்லை. "இந்த வருடம் எந்தெந்த வெல்டைப் பார்த்தீர்கள், என்ன தெரிந்தது?" என்றும் கேட்க வேண்டும். பதில் வருடா வருடம், நல்ல தமிழில், ஊர் நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். டம்ளர் ஓட்டையானால் பாத்திரக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். உலையின் கலனை அப்படி மாற்ற முடியாதே!