காற்றும் வேண்டும், கடலோடிகளும் வேண்டும்



ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியைக் கடந்தவர்களுக்கு முப்பந்தல் காற்றைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்றை மின்சாரமாக்குவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1986இல் தூத்துக்குடிக் கரையோரம் நிறுவப்பட்ட காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறன் கொண்டவை. இன்று இங்கிலாந்துக்குக் கிழக்கே, டாகர் பேங்க் கடற்பரப்பில் நிறுவப்படும் ஒரு காற்றாலையின் திறன் 13 மெகாவாட். அதன் ஓர் இறக்கை மட்டும் 107 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் மிஞ்சும் நீளம்.

இத்தகைய காற்றாலையைக் கடலுக்குள் கொண்டுபோய் நடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே காற்றை மறிக்க மலையில்லை, மரமில்லை, வீடில்லை. வேகமாகவும் சீராகவும் வீசுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், சற்றே கூடுதலான வேகமும் மின்சாரத்தில் பெரும் லாபம்.

இந்தத் துறையில் 1991 மறக்கக்கூடாத ஆண்டு. டென்மார்க்கில், உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை விண்டபி அருகே 11 காற்றாலைகளோடு தொடங்கியது அப்போதுதான். அதே ஆண்டு நம் பக்கத்திலுள்ள விழிஞ்ஞத்தில், சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களின் முயற்சியில் கடல் அலையிலிருந்து மின்சாரம் பிறந்தது. அறைக்குள் ஏறி இறங்கும் அலை காற்றைத் தள்ள, அந்தக் காற்று டர்பைனைச் சுழற்றியது. 150 கிலோவாட் திறன்கொண்ட அந்த முயற்சி ஆய்வோடு நின்றுபோனது. டென்மார்க்காரர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். அது பெருந்தொழிலாக வளர்ந்தது. அறிவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். தொடர்ந்து செய்வதில்தான் கோட்டைவிட்டோம்.

மீண்டும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கடல் காற்றாலைகளுக்காக 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். மன்னார் வளைகுடாவும் குமரிக் கடலும் இதற்கு ஏற்றவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஆனால் அந்தக் கடல் ஆளில்லாத வெற்றிடம் அல்ல. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மீன் அடையும், கச்சான் காற்று எப்போது திரும்பும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் வாழ்வாதாரம் அது. கடற்பசுவும் பவளப்பாறையும் இருக்கும் இடம் அது. காற்றாலைகளுக்கு இடையே மீன்பிடிக்கலாமா என்பதில் நாடுகளே வேறுபடுகின்றன. பிரிட்டனில் கட்டுமானம் முடிந்தபின் பொதுவாகத் தடையில்லை. ஜெர்மனியில் பெரும்பாலும் அனுமதி இல்லை. நமக்கு எது என்பதை வரைபடம் போட்டு முடித்த பிறகு அறிவிக்கக்கூடாது. தூண் நடும் இடம், கேபிள் போகும் வழி, வேலை நடக்கும் மாதங்களில் இழக்கும் வருமானத்துக்கு ஈடு, பிள்ளைகளுக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலைப் பயிற்சி ஆகிய நான்கையும் மீனவ ஊர்களில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் இந்த வாய்ப்பும் பாதியில் நின்றுவிடும்.

கன்னியாகுமரி முதல் இராமேஸ்வரம் வரை கடலோரத்தில் வாழும் வாசகர்களே, உங்கள் ஊரில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? உங்கள் அச்சம் எது, எதிர்பார்ப்பு எது? எழுதுங்கள். வரும் இதழ்களில் உங்கள் கடிதங்களுக்கு இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்